சந்தை மாடும் பழைய காரும்

பணி ஓய்வு பெற்ற பலருடைய மனத்தில் ஓர் ஆசை நெடுநாளாகக் குடியிருக்கும். அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என்று ஓடிய ஆண்டுகளில் தள்ளிப்போட்ட திருத்தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசிக்க வேண்டும் என்பதே அது. கும்பகோணத்தில் தங்கி நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் சேவிக்க எண்ணும் ஒரு முதிய தம்பதியரை எடுத்துக்கொள்ளலாம். மேற்கே திங்களூர், கிழக்கே கடலோரம் பூம்புகாரை ஒட்டிய கீழப்பெரும்பள்ளம், தென்கிழக்கே காரைக்கால் பகுதியில் திருநள்ளாறு என்று அத்தலங்கள் திசைக்கொன்றாய் விரிந்து கிடக்கின்றன. முழங்கால் வலியோடு பேருந்தின் உயரமான படியில் ஏறி இறங்குவதும், நடை சாத்துவதற்குள் அடுத்த ஊரை எட்டிப் பிடிப்பதும் அறுபதைக் கடந்தவர்களுக்கு எளிதன்று. சொந்தமாக ஒரு கார் இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது.

புதிய காரின் விலையைக் கேட்டதும் அந்த எண்ணம் சற்றே வாடுகிறது. ஆண்டுக்குச் சில யாத்திரைகள், வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவரிடமோ கோயிலுக்கோ செல்வது ஆகியவற்றுக்காகச் சேமிப்பின் பெரும்பகுதியைச் செலவிட யாருக்கும் மனம் வராது. பழைய கார் போதும் என்று முடிவாகிறது. அது தவறான முடிவு அன்று. நன்கு பேணப்பட்ட பழைய கார் பல ஆண்டுகள் குறைவின்றி உழைக்கும். ஆனால் உழைத்துக்கொண்டிருக்கும் இளைஞர் இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். பணிக்கொடையிலிருந்து எடுத்த மூன்று இலட்சம் போனால் அது போனதுதான். பணத்தைவிடப் பெரியதொன்றும் அந்தக் காரில் ஏறி அமர்கிறது. விடியற்காலையில் நெடுஞ்சாலையில் விரையும்போது, இரண்டு முதியவர்களின் உயிர் நான்கு சக்கரங்களையும் ஒரு பிரேக்கையும் நம்பியே இருக்கிறது.

முன்னோர் இத்தகைய வாணிகத்தை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் காலத்து வாகனம் மாடு. சந்தைக்கு வந்த மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணி வயதைக் கணித்தார்கள்; சுழி பார்த்தார்கள்; நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனித்தார்கள்; ஏரில் பூட்டியும் பார்த்தார்கள். அதன் பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது அதற்குள் அடங்கிய பொருள். எனவே விற்பவர் எதிரே நின்று சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. அது சந்தையின் மரபு.

இங்கே புதிதாக வாங்கிய காரைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, திருஷ்டி கழியச் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். அமெரிக்கப் பேச்சுவழக்கிலோ, வாங்கிய பின்னரே குறை தெரியவரும் மோசமான காருக்கே எலுமிச்சை என்றுதான் பெயர். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டு இந்த எலுமிச்சைக் கார்களின் சந்தையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் ஐயத்துடன் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. அவர் சந்தையை விட்டு விலகுகிறார். முடிவில் சந்தையில் மோசமான கார்களே மிஞ்சுகின்றன. இக்கருத்தின் சிறப்புக்காக அவருக்கு 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய இருவருடன் சேர்த்து வழங்கப்பட்டது. விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறிந்துகொண்டால் இந்தக் கேடு நீங்கும். காரைப் பரிசோதிப்பதன் முழுப் பயனும் அதுவே.

முதலில் காகிதம்

காரின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அதன் காகிதங்களைப் பார்ப்பது நலம். கண் காரில் பதிந்துவிட்டால் காகிதத்தில் உள்ள குறை சிறிதாகத் தெரியும். பதிவுச் சான்றிதழாகிய ஆர்.சி.யில் உள்ள பெயரும் விற்க வந்தவரின் பெயரும் ஒன்றுதானா என்று முதலில் நோக்க வேண்டும். "என் மைத்துனருடைய வண்டி, அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்ற பேச்சு தொடங்கினால், அந்த மைத்துனரின் கையொப்பமின்றி எதுவும் நடவாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்து, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரிலேயே பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். சேஸிஸ் எண் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதில் ஓர் எழுத்துச் சுரண்டப்பட்டிருந்தாலும் அந்தக் காரை விட்டு அகல்வதே நன்று.

கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். இதனை வழக்கில் ஹெச்.பி. என்பார்கள். "கடனை எப்போதோ அடைத்துவிட்டேன்" என்ற வாய்மொழி போதாது. கடன் முடிந்ததற்கான வங்கியின் தடையின்மைச் சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35ம் வேண்டும். அவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அப்பதிவை நீக்கிய பின்னரே முழுப் பணத்தையும் தருவது பாதுகாப்பு. கடன் பதிவு நீங்காத காரின் மீது வங்கிக்கு உள்ள உரிமை, கார் கைமாறியதால் மறைந்துவிடாது.

தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆதலின் 13 ஆண்டு கடந்த காரை மலிவென்று வாங்குவோர் விரைவில் வரவிருக்கும் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், காப்பீட்டின் கெடு போன்ற விவரங்களைச் சரிபார்க்கலாம். கட்டாத அபராதம் உள்ளதா என்றும் பார்க்கலாம். பேரனோ பேத்தியோ இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பகல் வெளிச்சத்தில் உடல்

காரை எப்போதும் பகலில், நன்கு காய்ந்த நிலையில் பார்க்க வேண்டும். மாலை விளக்கொளியும் அப்போதுதான் கழுவிய ஈரமும் பல கீறல்களை மறைத்துவிடும். சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் நோக்கினால் ஒரு கதவின் வண்ணம் மற்றொன்றிலிருந்து மாறுபடுவது தெரியும். கதவுக்கும் கதவுக்கும், பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருந்தால் அங்கே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி இரும்புத் தகட்டின் மீது வைத்துப் பார்ப்பது பழைய உத்தி. உள்ளே பட்டி பூசி நிரப்பிய இடத்தில் காந்தம் பிடிக்காது.

சிறு உரசலுக்கு வண்ணம் பூசியிருந்தால் அது குற்றமன்று. நகரத்தில் ஓடிய காரில் அது இயல்பு. பானெட்டைத் திறந்து முன்புறச் சட்டங்களையும், டிக்கியின் கம்பளத்தைத் தூக்கித் தரையையும் பார்க்க வேண்டும். அங்கே புதிய வெல்டிங் தழும்போ, நெளிந்து நிமிர்த்திய தடமோ இருந்தால் அது பெரிய விபத்தைக் கண்ட கார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓட்டமே இல்லாத டயரும் வயதானால் இறுகி வெடிப்புக் காணும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் டயர் சட்டப்படியே சாலைக்கு உகந்ததன்று. ஒரு டயர் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்கோடோ அடிப்பகுதி உறுப்புகளோ பழுதாகியிருக்கலாம். ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்புவது பேதைமை. அதைத் திருத்தி வைப்போர் உண்டு. 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும், ஸ்டீயரிங்கின் உறை பளபளத்தும், ஓட்டுநர் இருக்கை குழிந்தும் இருந்தால் அந்த எண் உண்மையைச் சொல்லவில்லை. சர்வீஸ் செய்த இடத்துப் பழைய பில்களை வாங்கி நாள்வாரியாக அடுக்கினால் கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும்.

வெள்ளம் கண்ட கார்

2015 டிசம்பரில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெய்த பெருமழையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதுவே நடந்தது. இத்தகைய கார்களில் சில, கழுவி உலர்த்தி மணம் தெளித்துப் பிற ஊர்களின் சந்தைக்கு வருகின்றன. இன்று ஓடும், மின்கம்பிகளின் இணைப்புகளில் பூத்த பச்சைக் களிம்பு சில மாதங்களில் தன் வேலையைக் காட்டும்.

திருச்சிப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இப்படி ஒரு காரைப் பார்க்கச் சென்றார். வண்டி கண்ணைப் பறித்தது. டேஷ்போர்டில் பிள்ளையார், கண்ணாடியில் வேல், விற்பவர் நெற்றியில் நீண்ட திருநீறு. பேச்சில் அத்தனை பணிவு. "ஐயா, மாதா மாதம் இதிலேதான் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போய் வந்தேன்" என்றார் அவர். பெரியவருக்குக் கண்கள் பனித்துவிட்டன. முன்பணம் பத்தாயிரத்தை எடுக்கச் சட்டைப் பையில் கைவைத்தார்.

உடன் வந்த மனைவி, "என்னங்க, மெக்கானிக் தம்பி வந்து பார்க்கட்டுமே. அரை மணி நேரந்தானே" என்றார்.

"சாமி கும்பிடுகிற மனுஷர். பொய் சொல்வாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் பெரியவர்.

"பிள்ளையார் வண்டிக்குக் காவலாக இருக்கிறார். வண்டிக்குச் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிடலாமா?" என்றார் அந்த அம்மாள்.

மெக்கானிக் வந்தார். பானெட்டைக்கூட அவர் முதலில் திறக்கவில்லை. பின் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தப் பகுதியில் சேற்றுக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் விரலால் தடவினார், செந்துரு ஒட்டியது. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் வண்டல் மண் காய்ந்திருந்தது. "ஐயா, இந்த வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். விற்பவர் மறுக்கவில்லை. "நானும் தெரியாமல் வாங்கியவன்தான்" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு துயரமும் இருக்கிறது. ஏமாந்தவர் அந்தப் பாரத்தை இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட்டு நகர முயல்கிறார். வீடு திரும்பும் வழியில் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. கார் கிடைக்காத வருத்தத்தைவிட, திருநீற்றைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டோமே என்பதுதான் அவரை உறுத்தியதாம். பக்திச் சின்னம் அணிந்தவர் அதை இறைவனுக்காக அணிகிறார். அதை வாணிகத்துக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது வாங்குபவரின் சோம்பல். ஆராயாமல் ஒருவரை நம்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது; அவரைச் சோதனைக்கு உள்ளாக்குவதுமாகும்.

ஆறிய எஞ்சினும் அரைமணி ஓட்டமும்

காரைப் பார்க்கச் செல்லும் முன், எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சென்றதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால், ஆறிய நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக்கூடும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாத விளக்கு நோயைச் சொல்கிறது. ஒருமுறைகூட எரியாத விளக்கோ, நோயை மறைக்க யாரேனும் அதைக் கழற்றிவிட்டார்களோ என்று ஐயுற வைக்கிறது.

சைலன்சரின் புகைக்கும் மொழி உண்டு. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் அளவுக்கு மீறிச் செல்வதைக் காட்டும். குளிர்ந்த காலையில் சிறிதுநேரம் வெண்புகை வருவது இயல்பு. சூடான பின்னும் அது அடர்த்தியாகத் தொடர்ந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். பால் கலந்த காப்பியின் நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். அது பெருஞ்செலவுக்கு அறிகுறி.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை வரை போய்த் திரும்புவதாக இருக்கக் கூடாது. நெரிசலான கடைவீதி, மேம்பாலம், மேடு பள்ளமான சாலை, சற்று வேகம் எடுக்கக்கூடிய நெடுஞ்சாலை என அரைமணியேனும் ஓட்ட வேண்டும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, பாட்டையும் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கட்கட என்ற ஒலி, பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பது, நேரான சாலையில் கைப்பிடியை இலேசாகப் பிடித்தாலே கார் ஓரம் போவது ஆகியவை கவனிக்கத் தக்கவை. பிறகு ஏ.சி.யை முழுவதும் வைத்து, நின்ற நிலையில் எஞ்சினின் வெப்பம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதியோர் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். மெக்கானிக்கால் அதைச் செய்ய இயலாது. யாருக்காகக் கார் வாங்கப்படுகிறதோ அவர் உடன் வந்து ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். கதவு போதுமான அளவு அகலமாகத் திறக்கிறதா, குனியாமல் உட்கார முடிகிறதா, முழங்காலை மடக்க இடமுண்டா, பிடித்து எழக் கைப்பிடி உள்ளதா என்பதெல்லாம் மனைவியின் முழங்கால்தான் சொல்லும். தாழ்வான இருக்கை கொண்ட அழகிய காரை வாங்கிவிட்டு, ஒவ்வொரு கோயில் வாசலிலும் இருவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய நிலை வந்தால் யாத்திரையின் இன்பம் பாதி போய்விடும்.

மெக்கானிக்கின் கூலியை வீண்செலவென்று எண்ணலாகாது. விற்பவருக்கோ தரகருக்கோ வேண்டிய மெக்கானிக்காக இல்லாமல், வாங்குபவர் தாமே அழைத்து வந்தவராக இருப்பது முக்கியம். விற்பவர் சோதனைக்கு மறுத்தாலோ, இன்னொருவர் பணத்தோடு வழியில் வந்துகொண்டிருப்பதாக அவசரப்படுத்தினாலோ, அந்த இன்னொருவரே காரை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நல்லது.

கைமாறிய பின்

விலை முடிந்ததும் பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து இரசீது பெற வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவர் கையொப்பமிட்டு, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் கார் கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக் காராக இருந்தால் அங்கிருந்து தடையின்மைச் சான்றும் வேண்டும். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் புதியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிப்பது கடமை. இழப்பீடு கோராததற்கான சலுகை காரைச் சேர்ந்ததன்று. அது விற்றவருக்கே உரியது. எனவே வாங்கியவர் அச்சலுகையின்றிக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இது வாங்குவோருக்கு மட்டும் சொல்லப்படுவதன்று. பார்வை மங்கியதால் ஓட்டுவதை நிறுத்தி, பல்லாண்டு பேணிய காரை விற்கும் முதியோரும் பலர் உண்டு. சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டி விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று பலமுறை கைமாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே விற்ற முதியவர், புதிய ஆர்.சி.யின் நகலைக் கண்ணால் காணும் வரை அந்தக் கார் தம்முடையதே என்று எண்ணிக்கொள்வது நலம்.

விற்பவருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. எந்தச் சட்டப் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. காரின் குறையை அவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். திருவள்ளுவர் வணிகருக்குரிய நெறியை நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் வைத்தது எண்ணத்தக்கது. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே தராசில் நிறுப்பதே அந்த நெறி. "கிளட்ச் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் விற்பவருக்குச் சில ஆயிரம் குறையலாம். ஆனால் அந்தக் கார் மறுநாள் யாரோ ஒரு தாயை மருத்துவமனைக்கும், யாரோ ஒரு குழந்தையைப் பள்ளிக்கும் அழைத்துச் செல்லப்போகிறது. பிரேக்கின் குறையை மறைத்து விற்றவருக்கு அவர்களை யாரென்று தெரியாது. தெரியாது என்பதால் பொறுப்பு இல்லாமல் போவதில்லை.

அந்தத் திருச்சிப் பெரியவர் பிறகு நான்கு மாதம் பொறுத்திருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து ஒரு சிறிய காரை வாங்கினார். வண்ணம் சற்று மங்கியது. இடக்கதவில் ஒரு கீறல். ஆசிரியை அந்தக் கீறல் எப்போது, எந்தத் தூணில் பட்டது என்பதைத் தாமே சொல்லி, பன்னிரண்டு ஆண்டுப் பில்களையும் ஒரு கோப்பில் அடுக்கிக் கொடுத்தார். மெக்கானிக்கையும் அவரே வரவேற்று மோர் கொடுத்தார். பெயர் மாற்றி ஆர்.சி. வந்த நாளில்தான் பெரியவர் பூசைக்கு ஏற்பாடு செய்தார். அதன் நகல் ஒன்றை முதலில் ஆசிரியைக்கு அனுப்பிவைத்தார். பின் இருக்கையில் அவர் மனைவி யாருடைய கையும் பிடிக்காமல் ஏறி அமர்ந்தார்.